செவ்விளநீர்ப் பத்தியம்

லுஹர் தொழுகையில் சுஜூதுக்குப் போன ராத்தா எழும்பவில்லை. தொழுகைப் பாயில் நெற்றியை வைத்தபடி அப்படியே கிடந்தாள். நான் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உம்மாவிடம் சொன்னேன். உம்மா கையிலிருந்த சட்டியை வைக்காமலே எட்டிப் பார்த்தார்.

“சத்தம் போடாத. ரெண்டாம் புள்ளைக்கு துஆக் கேக்காள் போல. நல்லாக் கேக்கட்டும்.”

நாங்கள் இருவரும் கள்ளர் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தோம். ராத்தாவின் நாலு வயது மகள் தன் உம்மாவின் முதுகில் ஏறிக் குந்தியபோது நான்தான் ஓடிப்போய் அவளை இறக்கி, வாயைப் பொத்தி, வெளியே கொண்டுபோய் விட்டேன். உலையில் போட்ட அரிசி வெந்து, கஞ்சி வடித்தும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் பாய்க்குள்ளிருந்து அமுங்கிப்போன ஒரு குரல் கேட்டது.

“தங்கச்சி... எழும்ப ஏலாமக் கிடக்கு.”

நான் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். தலை நிற்கவில்லை, சரிந்து என் நெஞ்சில் விழுந்தது. நெற்றியில் பாயின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. அவ்வளவு நேரமும் அவள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். நாங்கள் அவளுடைய துஆவைக் குழப்பக் கூடாதென்று ஒதுங்கிப் போயிருக்கிறோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்குப் பத்தொன்பது. நான் ஏ.எல் பரீட்சையில் உயிரியல் எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் கையும் காலும்தான் சும்மா. வாய் ஓயவில்லை. வீட்டில் யார் எதைச் செய்தாலும் அதைத் திருத்த எனக்கு ஒரு சொல் இருந்தது. ராத்தா எனக்கு ‘பொலிஸ்’ என்று பேர் வைத்திருந்தாள்.

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். எங்கள் கடற்கரை வீட்டையும் வளவையும் வாப்பா ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்தார். வாப்பாவும் உம்மாவும் நானும் அந்த வளவிலேயே பின்பக்கத்து அறைக்கு மாறினோம். ராத்தாவின் மாப்பிள்ளையாக வந்த மச்சான் கல்முனைப் பசாரில் ஒரு புடவைக் கடையில் நின்றார், அதிர்ந்து கதைக்காத மனிதர். கிணற்றடியில் குட்டையாக ஒரு செவ்விளநீர் மரம் நின்றது. கொக்கத்தடி இருந்தால் பெண்பிள்ளைகளே பறிக்கலாம். அந்த மரமும் ராத்தாவுடையதுதான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

அவள் உடம்பில் ஏதோ பிழை இருக்கிறதென்று அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி அறுக்கிறது என்று தினமும் சொல்வாள். கடற்கரை வீட்டில் மணல் விழாமல் பின்னே என்ன விழும் என்று நாங்கள் சொல்வோம். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்க்காமல் அவளால் விழுங்க முடியாது. பல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. வெற்றிலை போடும் உம்மாவுக்கே பல் முழுசாக இருந்தது. “உம்மாட பல்லக் கழட்டி வாங்கிப் போடு” என்று நான் பகிடி பண்ணுவேன். நோன்பு மாதத்தில் அவள் அடிக்கொரு தரம் வாய் கொப்பளிப்பாள். தண்ணீர் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று நான் கதவிடுக்கால் வேவு பார்த்தேன். இறங்கவில்லை. அவள் நாக்கு காய்ந்து வெடித்துப்போய், பேசும்போது ஒட்டி ஒட்டி எழும்பியது.

வாப்பா மௌத்தான நாளில் அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு, வாயைத் திறந்து, நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சிவப்பாக, காய்ந்து கிடந்தது. வந்த பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் அவள் முன்னால் போய் நின்று கேட்டேன்.

“வீடு எழுதி முடிஞ்ச உடனே வாப்பாட தேவையும் முடிஞ்சிட்டா ஒனக்கு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அழுகிறன் புள்ள. வெளிய வருகிதில்ல” என்றாள். அந்தப் பதிலை நான் நடிப்பு என்று நினைத்தேன்.

சுஜூதில் விழுந்த பிறகு பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனோம். சத்துக் குறைவு என்று விற்றமின் குளிசை கொடுத்தார்கள். நாலைந்து நாளில் தானாகவே கொஞ்சம் தேறினாள். இரண்டு கிழமையில் மறுபடியும் கால் ஓய்ந்தது. கிணற்றடியில் வாளியை இழுக்கப் போனவள் கயிற்றைப் பிடித்தபடி கீழே குந்திவிட்டாள். அதன் பிறகுதான் உம்மா, சவளக்கடைப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் பரிசாரியாரைக் கூப்பிட்டார். தலைமுறையாக வைத்தியம் செய்பவர், நல்ல மனிதர். கைநாடி பிடித்துப் பார்த்து, இது வாதம் என்றார். உடம்பில் குளிர் ஏறி நரம்பைப் பிடித்திருக்கிறதாம்.

எண்ணெய் கொடுத்தார், கசாயம் கொடுத்தார். பத்தியமும் சொன்னார்.

“குளிர்ச்சிச் சாமான் ஒண்டும் குடுக்கப்படா. தயிர், தோடம்பழம், வாழைப்பழம் தொடவே கூடா. இளனி மட்டும் மறந்தும் குடுத்திராதீங்க. ஒரு முறடு தொண்டையில இறங்கினாலும் கால் கிடையாது.”

உம்மா என்னைப் பார்த்தார். பத்தியக் காவலுக்கு என்னைவிட்டால் வேறு யார்? எனக்கு அது பதவி கிடைத்த மாதிரி இருந்தது. அவளை நடக்க வைத்துக் காட்டுவேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். பழக்குலையைக் குசினியிலிருந்து எடுத்து எங்கள் அறையில் பூட்டினேன். சரக்குக் கறியும் மிளகுதண்ணியும் கருவாடுமாக அவளுக்குச் சோறு குழைத்து நானே ஊட்டினேன். காய்ந்த வாயில் அந்தக் காரம் பட்டதும் அவள் துடித்தாள். நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டாள். “காரம்தான் குளிர முறிக்கும்” என்று நான் அடுத்த கவளத்தை நீட்டினேன்.

அவள் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“ஒரே ஒரு இளனி தா தங்கச்சி. இந்தா தெரியுது ஜன்னலால. உடம்பு கேக்குது புள்ள. நாக்கு இல்ல, உடம்பு கேக்குது.”

உடம்பு கேட்கிறது என்று அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் விழுகிறது. உடம்புக்குத் தெரிந்திருந்தது. உயிரியல் படித்த எனக்குத் தெரியவில்லை. தசை சுருங்குவதற்குப் பொற்றாசியம் வேண்டுமென்று நான் பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தக் கொப்பி, பழக்குலையைப் பூட்டி வைத்த அதே அலுமாரியில் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போகும் முன் மச்சான் மனம் பொறுக்காமல் ஒரு இளநீரைப் பறித்து, சீவி, அவள் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அறைக்குள் போனபோது அவள் அதை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்க முடியவில்லை. கோம்பையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு, வாயைத் துவாரத்துக்குக் கிட்டே கொண்டுபோக முயன்றாள். தலை எட்டவில்லை. இன்னும் நாலு விரற்கடை தூரம்தான் இருந்தது.

நான் அதைப் பிடுங்கினேன்.

“ஒனக்கு எழும்பி நடக்க ஆசை இல்லையா? ஒண்ட புள்ளைய வளக்க ஆசை இல்லையா? நாங்க படுற பாடு ஒனக்கு விளையாட்டா?”

“தங்கச்சி, ஒரு முறடு.”

“ஏலாது.”

பிறகு நான் செய்ததைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. “வெட்டின இளனி வீணாப் போகப்படா” என்று சொல்லி, அவள் கட்டிலடியில் நின்றபடியே அதை அண்ணாந்து முழுவதும் குடித்தேன். அவளுக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்ற கோபம். குடித்து முடித்துக் கோம்பையைக் கீழே வைத்தபோது அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். தாகம் மட்டும்தான் இருந்தது.

அடுத்த கிழமை அவளால் கையையும் அசைக்க முடியவில்லை. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. மச்சான் ஒரு வேனைப் பிடித்துவந்தார். கல்முனையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்ட்டில் ஒரு பெண் டொக்டர் இருந்தார், எங்கள் பக்கத்துத் தமிழ் பேசுபவர். நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த நீளக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ராத்தாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என்னிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

“இவ அழுதா கண்ணீர் வாறதா?”

“இல்ல டொக்டர். எங்கட வாப்பா மௌத்தானப்பவும்...” என்று தொடங்கிய நான் நிறுத்திவிட்டேன்.

இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வர நாளெடுத்தது. அதற்குள்ளேயே அவர் மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார். சொட்டுச் சொட்டாக, அவசரப்படாமல் ஏற்ற வேண்டுமாம், அவசரப்பட்டால் நெஞ்சு நின்றுவிடுமாம். மறுநாள் காலையில் ராத்தா தன் கையைத் தானே தூக்கி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். உம்மா வார்ட்டிலேயே சுஜூதில் விழுந்தார்.

டொக்டர் எங்களை உட்கார வைத்து விளங்கப்படுத்தினார். உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தி, உடம்பின் மேலேயே பாய்கிற நோய் இது. கண்ணீரும் உமிழ்நீரும் ஊறுகிற இடங்களை அது முதலில் காயவைத்துவிட்டது. பிறகு சிறுநீரகத்துக்குப் போயிருக்கிறது. சிறுநீரகம் காத்து வைக்க வேண்டிய பொற்றாசியத்தைச் சிறுநீரோடு வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அது இல்லாமல் தசை இயங்காது, மூச்சு இழுக்கும் தசையும்தான்.

“ஓட்டை வாளி மாதிரி. நாங்க ஊத்திக்கொண்டே இருக்கோணும்” என்றார். “பாணி மருந்து எழுதுறன். ஒரு நாளும் விடக் கூடாது, உயிர் இருக்கிற வரைக்கும். அதோட வாழைப்பழம், தோடம்பழம் குடுங்க. இளனி நல்லம். நிறையக் குடுங்க.”

அந்தச் சொல் விழுந்ததும் உம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். மச்சான் நிலத்தைப் பார்த்தார். ராத்தா மட்டும் தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவள் டொக்டரிடம்தான் சொன்னாள், கண் என்மேல் இருந்தது.

“என்ட தங்கச்சிதான் டொக்டர் என்னைய வடிவாப் பாத்த. ஒரு நேரமும் விட்டுப் போகல்ல.”

அதைக் கேட்டபோது, இதைவிட அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் அவள் நடந்தாள். மகளைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டாள். நின்று தொழுதாள். சுஜூதுக்குப் போகும்போதெல்லாம் நான் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பேன், எழும்பும்வரை நகர மாட்டேன். ஸலாம் கொடுத்துவிட்டு, “பொலிஸ் டியூட்டியில நிக்குது” என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். தினமும் காலையில் நான் இளநீர் வெட்டி அவள் கையில் கொடுத்தேன். தண்ணீரைக் கண்ட கன்று போலக் குடிப்பாள்.

எங்கள் சனங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போகிறவர், நோயில் கிடப்பவர், மனதை நோகடித்தவர், எல்லோரும் மற்றவரிடம் ‘பொறுத்துக்கொள்’ என்று கேட்பார்கள். மற்றவர் ‘பொறுத்துக்கொண்டேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்தக் கணக்கு மறுமைக்குப் போகாது. அந்த ஒரு வருடமும் நான் அதைக் கேட்க நினைத்து, கேட்க வெட்கப்பட்டுத் தள்ளிப் போட்டேன். ஒருநாள் கிணற்றடியில் வைத்துத் தொடங்கினேன்.

“ராத்தா, அண்டைக்கு நான் அந்த இளனிய...”

அவள் முடிக்க விடவில்லை. கொஞ்சம் மிஞ்சியிருந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

“அது லேசில பொறுக்க மாட்டன்கா. மறுமையில வந்து நிண்டு கேப்பன். என்ட மரம், என்ட இளனி, எனக்கு முன்னால நிண்டு குடிச்சாளே எண்டு கேப்பன்.”

பகிடிதான். இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்கான பதிலை வாங்கியிருக்க வேண்டும். அவள்தான் நடக்கிறாளே, நாள் கிடக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பாணி எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் எப்போதும் கிடைக்காது. மச்சான் மாதம் ஒரு தடவை கொழும்புக்குப் பஸ் ஏறி வாங்கி வருவார். ஒரு முறை அவர் போன கையோடு இங்கே கலவரமாகிப் பாதை பூட்டுப்பட்டது. ஊரடங்கு. பஸ் இல்லை, வேன் இல்லை. போத்தலில் அடி மண்டி மட்டும் இருந்தது. உம்மா அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அவளுக்குக் கொடுத்தார். அதுவும் முடிந்தது.

மூன்றாம் நாள் அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நான் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். மரத்திலிருந்த இரண்டு குலையையும் இழுத்து விழுத்தினேன். ஒவ்வொன்றாக வெட்டி ஊற்றினேன். அன்றைக்குக் குடித்தாள். அடுத்த நாள் விழுங்கச் சிரமப்பட்டாள். ஓட்டை வாளிக்கு என் இளநீர் போதவில்லை. அதுவும் பாணியும் சேர்ந்துதான் அவளைத் தூக்கி நிறுத்தியிருந்தன. நான் விடவில்லை. தலையை மடியில் வைத்து, கரண்டியால் எடுத்து எடுத்து வாயில் விட்டேன்.

“குடி ராத்தா. ஒரு முறடு.”

“போதும் புள்ள. முழுங்க ஏலா.”

“ஒரே ஒரு முறடு ராத்தா.”

கடைவாயால் வழிந்து என் சீலையை நனைத்தது. கேட்டவள் அவள், மறுத்தவள் நான். இப்போது கெஞ்சுபவளும் நானாகிவிட்டேன்.

ஐந்தாம் நாள் அஸருக்கு முன் ஊரடங்கை இரண்டு மணித்தியாலம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு வேனில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்கு அதிக தூரமில்லை. ஆனால் அவள் நெஞ்சு ஏறி இறங்குவது சிறுத்துச் சிறுத்து வந்தது. உம்மா காதருகே கலிமா சொல்லிக் கொடுத்தார். உதடு மட்டும் அசைந்தது. நான், “ராத்தா, என்னப் பொறுத்துக்க, பொறுத்துட்டன் எண்டு சொல்லு” என்று கேட்டேன். கேட்டதை அவள் விளங்கிக்கொண்டாளா, கலிமாவைத்தான் சொன்னாளா, எனக்குத் தெரியாது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைத்தெரு திரும்பும் இடத்தில் அதுவும் நின்றுவிட்டது.

மறுநாள் ஜனாஸாவைத் தூக்கும் முன், வாசலில் நின்ற பெரியவர் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: இந்த மௌத்தானவர் உங்களில் யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுத்துக்கொண்டோம், பொறுத்துக்கொண்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். உள்ளே பெண்களோடு நின்று நானும் சொன்னேன். அவளுக்காக ஊரே பொறுத்துக்கொண்டது. நான் நோகடித்ததைப் பொறுத்துக்கொள் என்று அவளிடம் கேட்டுத் தர அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

அவளை அடக்கி இரண்டாம் நாள் மச்சான் வந்து சேர்ந்தார். பாதித் தூரம் லொறி, பாதித் தூரம் நடை. யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சாரத்தில் சுற்றி வைத்திருந்த மூன்று போத்தல் பாணியை வாசலில் வைத்துவிட்டு, “ஒண்டும் உடையல்ல” என்றார். பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

அந்தப் பிள்ளையை நானும் உம்மாவும் வளர்த்தோம். போன வருடம் அவளுக்கும் கலியாணம் முடிந்தது. வழக்கப்படி வீடும் வளவும் அவளுக்கு வந்தன, மரமும் வந்தது. வயதாகிவிட்டது, இருந்தும் காய்க்கிறது. அண்மையில் ஒரு நாள் வெயிலில் நான் அங்கே போனபோது, அவள் ஒரு செவ்விளநீரைச் சீவிக்கொண்டு வந்து நீட்டினாள்.

“குடிங்க சாச்சி.”

“எனக்கு வேணா மனே. எனக்கு அது பத்தியம்.”

“எப்ப கேட்டாலும் பத்தியம். எந்த டொக்டர் சொன்ன இந்தப் பத்தியம்?”

நான் கிணற்றடி மரத்தைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். அச்சாக அவள் உம்மாவின் சிரிப்பு.

“சரி, வெட்டின இளனி வீணாப் போகப்படா” என்று சொல்லிவிட்டு, என் முன்னால் நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.